பக்கத்து ரூம் சிஸ்டம் காட்ட மாட்டேங்கு

“அண்ணாச்சி, ரெண்டுலயும் நெட்டு நல்லா வருது. ஆனா இதுல பாத்தா பக்கத்து ரூம் சிஸ்டம் காட்ட மாட்டேங்கு.”

சங்கரன்கோவில் பக்கம் கணினி பழுது பார்ப்பவருக்கு வரும் அழைப்புகளில் இந்தப் புகார் அடிக்கடி வரும். கேட்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். காரணம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் எலி கடித்த ஒயர், அடுத்த வீட்டில் ஒன்றுக்கு இரண்டாக ரவுட்டர், இன்னொரு வீட்டில் பாஸ்வேர்டே வைக்காத கணக்கு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கைக்கு வந்த செட்டிங்கை எல்லாம் மாற்றினால், இருந்த கோளாறோடு புதிதாக இரண்டு சேரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இரண்டு கணினியிலும் இணையம் வருகிறது என்பதால் அவை ஒன்றையொன்று அறிந்திருக்கின்றன என்று ஆகிவிடாது. ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளியே போய் வருகிறது, அவ்வளவுதான். இதன் மறுபக்கமும் உண்மை. வீட்டுக்குள் இரண்டு கணினிகள் கோப்பைப் பரிமாறிக்கொள்ள இணையமே வேண்டாம். மழையில் ஃபைபர் அறுந்து கிடந்தாலும், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் மொபைல் டேட்டா திணறினாலும், முன்னறையில் இருக்கும் கணக்கை மாடியில் திறந்து பார்க்க முடியும். மாதக் கட்டணம் கட்டாத வீட்டிலும் லேன் எனும் இந்த உள்வீட்டு நெட்வொர்க் ஓடும். இது தெரியாமல் பலர் இன்னமும் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள். அந்த பென் டிரைவோடு வைரஸும் ஏறி இறங்குகிறது.

இந்த அத்தியாயத்துக்கு நான் மனதில் வைத்திருக்கும் வீடு, இந்த ஊரில் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியது. முன்கட்டில் பில் போடும் டெஸ்க்டாப். பின்கட்டில் விசைத்தறி. மாடியில் பிள்ளைகள் படிக்கும் மடிக்கணினி. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது இன்றும் பல வீடுகளில் ஓடுகிறது. ஆக, வயதும் விண்டோஸ் பதிப்பும் வேறு வேறான இரண்டு இயந்திரங்களை இணைப்பதுதான் நம் ஊர் வீடுகளின் வழக்கமான நிலைமை. புதிதாக ஒரே நாளில் வாங்கிய இரண்டு கணினிகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் இங்கே பாதி வழியில் நின்றுவிடும்.

தறியில் பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அந்த இழையை மட்டும் முடிச்சுப் போடுகிறோம். பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. இங்கும் அதே முறைதான். ஒயர் அல்லது வைஃபை, அதன் மேல் முகவரி, அதன் மேல் பதில், அதன் மேல் பெயர், கடைசியில் அனுமதி. கீழே இருப்பது சரியென்று உறுதியான பிறகே மேலே இருப்பதைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். செய்ததைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

ஒயரும் விளக்கும்

ஒயர் சொருகும் துளைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு இருக்கும். கணினியின் பின்புறத்திலும் இருக்கும், ரவுட்டரிலும் இருக்கும். இரண்டு பக்கமும் அது எரிய வேண்டும். எரியவில்லையென்றால் விண்டோஸில் எதைத் தேடியும் பயனில்லை.

விளக்கு எரியாததற்கு நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது கரண்ட். டெஸ்க்டாப் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். ரவுட்டரும், லேன் ஒயர்களைச் சேர்க்கும் சுவிட்ச் பெட்டியும் சாதா பிளக்கில் இருக்கும். கரண்ட் போனதும் கணினி அணையாது, நெட்வொர்க் மட்டும் செத்துப்போகும். பார்ப்பவருக்குக் கணினிதான் கெட்டுப்போனதாகத் தோன்றும். ரவுட்டர், சுவிட்ச் இரண்டும் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. அவற்றையும் யுபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டர் லைனிலோ போட்டுவிடுங்கள்.

அடுத்தது கனெக்டர். ஒயர் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒடிந்திருந்தால் ஒயர் துளையில் நிற்கும், ஆனால் பிடித்திருக்காது. மேஜையை நகர்த்தினால் போகும், அழுத்தினால் வரும். செல்லோ டேப் ஒட்டிச் சமாளிக்காமல் முனையை வெட்டிப் புது ஆர்ஜே 45 கனெக்டர் போடுங்கள். தங்க நிறப் பற்கள் மேலே, நம்மைப் பார்க்க, கிளிப் பின்பக்கம் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக நிற வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடி நீல ஜோடிக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். அதைச் சேர்த்து வைத்துவிடுவதுதான் கிரிம்பிங்கில் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் விளக்கு எரியவும் செய்யும், இணைப்பு தடுமாறவும் செய்யும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். அந்த முறுக்குதான் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுக்கிறது.

விளக்கு எரிந்தாலும் ஒயர் முழு நலம் என்று சொல்லிவிட முடியாது. விண்டோஸில் ஈதர்நெட் நிலையைத் திறந்தால் வேகம் காட்டும். இரண்டு பக்கமும் ஜிகாபிட் கார்டு இருந்தும் 100 எம்பிபிஎஸ் என்று மட்டும் காட்டினால், ஒயருக்குள் நீலமோ பிரவுனோ அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். 100 வேகத்துக்கு ஆரஞ்சும் பச்சையுமாக இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி போனால் பல கார்டுகள் 100-க்கு இறங்கிவிடும். சில கார்டுகள் இணைப்பையே பிடிக்காது.

ஒயர் வாங்கும்போது தூய செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு போட்ட ஒயர் பாதி விலையில் கிடைக்கும். வளைத்தால் சீக்கிரம் ஒடியும், தூரம் கூடினால் தடுமாறும். ஒருமுறை சுவரில் பதித்த ஒயரை மாற்றுவது பெரிய வேலை என்பதால் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பின்கட்டில் தறிக்கூடம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். தறி மோட்டாருக்குப் போகும் த்ரீ ஃபேஸ் ஒயரோடு சேர்த்து, அதே பைப்புக்குள் லேன் ஒயரை இழுக்காதீர்கள். கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில் போவது பாதுகாப்புக்கும் கேடு, சிக்னலுக்கும் கேடு. ஒரு அடியாவது தள்ளித் தனி பைப்பில் கொண்டு போங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். ஒரே ஒயரின் மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கும் தனியாக நிற்கும் கூடத்துக்கும் நடுவே வெட்டவெளியில் செம்பு ஒயரைத் தொங்கவிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் பக்கத்தில் எங்கோ விழும் மின்னல் கூட அந்த ஒயர் வழியாக இரண்டு முனையிலும் உள்ள கார்டை எரித்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடலாம், அல்லது வைஃபையில் இணைக்கலாம். பஞ்சுத் தூசி பறக்கும் கூடத்தில் சுவிட்ச் பெட்டி வைத்தால் அதன் காற்றுத் துளைகளை அவ்வப்போது பிரஷ்ஷால் துடைப்பதும் அவசியம். தூசி அடைத்துச் சூடேறிய பெட்டி மத்தியானத்தில் நின்று, ராத்திரி தானாகச் சரியாகும்.

ரவுட்டரே இல்லாமல் ஒரே ஒயரில் இரண்டு கணினிகளை நேராக இணைக்கலாம். அதற்குக் கிராஸ் ஒயர் என்று தனி வகை வேண்டும் என்பது பழைய காலத்துக் கதை. இன்றைய கார்டுகள் எந்த ஒயரையும் தாமே சரிசெய்துகொள்ளும். முகவரி விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வைஃபையில் இருந்தால்

இரண்டு கணினியும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றனவா? கேள்வி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் மாடியில் சிக்னல் குறைவு என்று மகள் தன் போனின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியைப் போட்டிருப்பாள். அது வேறு நெட்வொர்க். அதில் இருந்து முன்கட்டு டெஸ்க்டாப் ஒருநாளும் தெரியாது.

விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனியாக இருக்கும் கெஸ்ட் வைஃபையிலும் இதே கதைதான். அதில் சேர்ந்த கருவிகள் வீட்டுக் கணினிகளைப் பார்க்க முடியாதபடி தடுப்பதே அதன் வேலை. சில ரவுட்டர்களில் சாதாரண வைஃபைக்கும் ஏபி ஐசொலேஷன் என்றோ கிளையன்ட் ஐசொலேஷன் என்றோ ஒரு செட்டிங் இருக்கும். அது இயங்கினால் இரண்டு கருவியிலும் இணையம் அருமையாக வரும், ஒன்றுக்கொன்று மட்டும் தெரியாது. புகாரின் வாசகத்தோடு அப்படியே பொருந்துகிறது பாருங்கள். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் போய் அந்த ஐசொலேஷனை அணைத்துவிடுங்கள்.

இனி இரண்டு ரவுட்டர் உள்ள வீடு. ஃபைபர் இணைப்பு கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன பெட்டி முன்னறையில். அதன் சிக்னல் பின்கட்டுத் தகரக் கூரையைத் தாண்டவில்லை என்று நாம் வாங்கிய இன்னொரு ரவுட்டர் உள்ளே. முதல் பெட்டியிலிருந்து வரும் ஒயரை இரண்டாவது ரவுட்டரின், வெளி இணைப்புக்கான வான் துளையில் சொருகியிருப்பார்கள். அப்படிச் சொருகினால் இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று வேறொரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். ஒரு கணினிக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி, மற்றதற்கு 192.168.0 என்று தொடங்கும் முகவரி. இரண்டும் நடுவில் சுவர் வைத்த இரண்டு வீடுகளாகிவிடும். இரண்டாவது ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதன் சொந்த முகவரியை முதல் பெட்டியின் வரிசையில் யாருக்கும் கொடுக்காத எண்ணாக மாற்றி, முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் அதன் டிஎச்சிபியை அணைத்து, ஒயரை வான் துளையிலிருந்து எடுத்து லேன் துளையில் சொருகுங்கள். அதன்பிறகு வீடு முழுக்க ஒரே நெட்வொர்க். நம் ஊர் வீடுகளில் நான் பார்த்த ‘காட்ட மாட்டேங்கு’ புகார்களில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

முகவரி சொல்லும் சேதி

விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஎம்டி என்று மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். வரும் வரிகளில் ஐபிவி4 அட்ரஸ் என்பதன் எதிரில் உள்ள எண்தான் வேண்டும். இரண்டு கணினியிலும் எடுத்துத் தாளில் எழுதுங்கள்.

192.168 என்று தொடங்கினால் நல்லது. வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்த ஒதுக்கிய எண் வரிசைகளில் அது ஒன்று. 1996-ல் வந்த விதியின்படி 10 என்று தொடங்குவதும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அதே இனம்தான். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள் இருக்கின்றன. வெளியே போகாததால் மோதிக்கொள்வதில்லை. இரண்டு கணினியிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாகவும் கடைசி எண் மட்டும் வேறாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது எண் வேறுபட்டால் மேலே சொன்ன இரண்டு ரவுட்டர் விஷயத்துக்குத் திரும்புங்கள்.

169.254 என்று தொடங்கினால், கணினி முகவரி கேட்டிருக்கிறது, யாரும் கொடுக்கவில்லை, எனவே தானே ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரவுட்டர் உள்ள வீட்டில் இது கெட்ட சேதி. ஒயரோ ரவுட்டரோ கோளாறு. ஆனால் ஒரே ஒயரில் நேராக இணைத்த இரண்டு கணினிகளில் இது இயல்பு. இரண்டும் 169.254-ல் இருந்தால் அவை பேசிக்கொள்ளவும் செய்யும். ஒன்று 169.254-லும் மற்றது முன்பு கையால் போட்ட பழைய எண்ணிலும் இருந்தால்தான் சிக்கல். நேர் இணைப்பில் குழப்பமே வேண்டாம் என்றால் ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2 என்று கையாலேயே போட்டு, இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 கொடுத்து, கேட்வேயை வெறுமையாக விட்டுவிடுங்கள். பிறகு ரவுட்டருக்கு மாறும்போது இந்த எண்களை எடுத்துவிட்டு, தானாக முகவரி பெறும் நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள்.

பிங்

1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், நெட்வொர்க் கோளாறு ஒன்றைப் பிடிக்க ஒரு சின்ன நிரலை எழுதினார். ‘இருக்கிறாயா’ என்று ஒரு சிறு பொட்டலம் அனுப்பி, ‘இருக்கிறேன்’ என்ற பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. நாற்பது ஆண்டு கழிந்தும் இதைவிட நல்ல முதல் சோதனை கிடையாது. அதே கறுப்புத் திரையில் பிங், ஒரு இடைவெளி, மற்ற கணினியின் முகவரி என்று தட்டுங்கள்.

முதலில் ரவுட்டருக்குப் பிங் அடியுங்கள். ஐபிகான்ஃபிக் காட்டும் டிஃபால்ட் கேட்வேதான் அதன் முகவரி. இரண்டு கணினியிலிருந்தும் ரவுட்டர் பதில் சொன்னால் ஒயரும் வைஃபையும் நலம். பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்கு.

ரிப்ளை ஃப்ரம் என்று தொடங்கி எதிர்க் கணினியின் முகவரி வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முகவரியைப் பார்க்காமல் ரிப்ளை என்ற சொல்லை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே ரிப்ளை வந்து, டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்று முடிந்தால் அது தோல்வி. எதிர்க் கணினி அணைந்திருக்கிறது, தூங்குகிறது, அல்லது ஐசொலேஷனில் மாட்டியிருக்கிறது.

ரிக்வஸ்ட் டைம்ட் அவுட் என்று வந்தால் இரண்டு வழி உண்டு. பொட்டலம் போய்ச் சேரவில்லை, அல்லது போய்ச் சேர்ந்தும் ஃபயர்வால் பதில் சொல்ல விடவில்லை. இதைப் பிரித்தறியப் பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது. பிங் அடித்த கையோடு ஆர்ப், இடைவெளி, சிறு கோடு, ஏ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் எதிர்க் கணினியின் முகவரிக்கு நேராக, இரண்டிரண்டு எழுத்துகளாக ஆறு ஜோடி கொண்ட எண் இருந்தால், அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, ஒயர் நலம், தடுப்பது ஃபயர்வால். பட்டியலிலேயே இல்லையென்றால் கோளாறு கீழே இருக்கிறது. மறுபடி ஒயருக்குப் போங்கள்.

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு, பிங் கட்டளையின் கடைசியில் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் அது நிற்காமல் ஓடும். ஓடவிட்டு ஒயரை மெல்ல ஆட்டிப் பாருங்கள், மடிக்கணினியை மாடிக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் பதில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. ஒயரில் நேரம் ஒரு மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும். வைஃபையில் சில மில்லி செகண்ட் ஏறி இறங்குவது இயல்பு. நூற்றுக்கணக்கில் தாவினால் சிக்னல் போதவில்லை.

ஃபயர்வாலை அணைத்துவிட்டுப் போகாதீர்கள்

பிங் தடைபடுகிறது என்றதும் ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிட்டு, கோப்பு வந்ததும் காசு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அது செய்யக்கூடாத வேலை என்பதை அழுத்தியே சொல்கிறேன். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது ஒரு கணினியிலிருந்து மற்றதற்குப் பரவியது, விண்டோஸ் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாகத்தான். வீட்டில் உள்ள கணக்குப் புத்தகம் முழுக்க அந்த டெஸ்க்டாப்பில் இருக்கிறதென்றால், அதன் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போக யாருக்கும் உரிமை இல்லை.

செய்ய வேண்டியது மிக எளிது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, நீங்கள் சேர்ந்திருக்கும் நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் ப்ரொஃபைல் என்ன என்று பாருங்கள். பப்ளிக் என்று இருந்தால் விண்டோஸ் உங்கள் வீட்டைப் பேருந்து நிலையம் போல நினைத்து எல்லாவற்றையும் மறைக்கும். பிரைவேட் என்று மாற்றுங்கள். பிறகு பகிர்வுக்கான அட்வான்ஸ்டு செட்டிங்கில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் பிரைவேட்டுக்கு மட்டும் இயக்குங்கள். இதைச் செய்ததும் பிங்குக்கான வழியும் தானே திறந்துவிடும். இரண்டு கணினியிலும் செய்ய வேண்டும். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குச் சொந்தமாக ஃபயர்வால் இருக்கலாம். அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும்.

பெயரைத் தேடாமல் எண்ணைத் தட்டுங்கள்

பிங் வருகிறது, ஆனால் நெட்வொர்க் என்ற இடத்தைத் திறந்தால் எதிர்க் கணினியின் படம் இல்லை. இதில் மணிக்கணக்காகத் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். தேவையே இல்லை. கோப்புறைச் சாளரத்தின் மேலே முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு எண்ணைத் தட்டுங்கள், \\192.168.1.20 என்பதுபோல. பகிர்ந்த ஃபோல்டர் திறந்தால் உங்கள் நெட்வொர்க் நலமாக இருக்கிறது. படம் தெரிவது வெறும் வசதி. படம் காட்டும் வேலையைச் செய்வது ஃபங்ஷன் டிஸ்கவரி என்று தொடங்கும் இரண்டு சர்வீஸ்கள். அவை நின்றிருந்தால் தொடங்கிவிடுங்கள். அதற்குப் பிறகும் காட்டாவிட்டால், அந்த ஃபோல்டரை மேப் நெட்வொர்க் டிரைவ் மூலம் ஒரு டிரைவ் எழுத்தாக ஏற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்.

இரண்டு கணினிக்கும் ஒரே பெயர் இருந்தாலும் குழப்பம் வரும். ஒரே கடையில் ஒரே டிஸ்க்கிலிருந்து நகல் எடுத்து ஏற்றிய கணினிகளில் இது நடக்கும். ஒன்றின் பெயரை மாற்றி மறுபடி தொடங்குங்கள்.

‘முன்னெல்லாம் வந்தது, அப்டேட் போட்டதும் போய்விட்டது’ என்பவர்களுக்கு: 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறை புதிதாக நிறுவும் கணினிகளில் முழுமையாக வருவதில்லை. ஏற்கெனவே இருந்தவற்றிலும் பயன்படாவிட்டால் அகற்றப்பட்டது. 2018-ல் ஹோம்குரூப் வசதி விடைபெற்றது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்கு எஸ்எம்பி1 மட்டுமே தெரியும் என்பதால் அது புதிய கணினியோடு சேராது. சேர்ப்பதற்காக எஸ்எம்பி1-ஐ மறுபடி இயக்கச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். வானாக்ரை நுழைந்த வாசல் அதுதான். எக்ஸ்பியில் உள்ள கோப்புகளை ஒருமுறை எடுத்து வைத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள். விண்டோஸ் 7-க்கு இந்தத் தடை இல்லை. அதற்கு அடுத்த தலைமுறை முறை தெரியும். ஆனால் 2020 ஜனவரி 14-க்குப் பிறகு அதற்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை என்பதால் பாங்க் வேலையை அதில் வைக்க வேண்டாம்.

அரசு மடிக்கணினியில் போஸ் லினக்ஸ் ஓட்டுபவர்கள் கோப்பு மேலாளரின் முகவரிப் பட்டையில் எஸ்எம்பி என்று ஆங்கிலத்தில் தட்டி, கோலனும் இரண்டு முன்சாய்கோடும் சேர்த்து, விண்டோஸ் கணினியின் எண்ணைக் கொடுத்தால் போதும். ஆனால் அதில் உள்ள லினக்ஸ் பழைய பதிப்பாக இருந்தால் எக்ஸ்பிக்கு வந்த அதே எஸ்எம்பி1 தடை இங்கும் வரலாம். பதிப்பைப் புதுப்பிப்பதே வழி.

பாஸ்வேர்டு கேட்டு நின்றால்

பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வந்துவிட்டால் நெட்வொர்க் வேலை முடிந்தது என்று அர்த்தம். இனி ஒயரைத் தொடாதீர்கள். எதிர்க் கணினி உங்களை யார் என்று கேட்கிறது.

கேட்பது எதிர்க் கணினியில் உள்ள கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும். உங்கள் மேஜையில் உள்ளதன் பாஸ்வேர்டு அல்ல. வைஃபை பாஸ்வேர்டும் அல்ல. தினமும் திறக்கத் தட்டும் நான்கு இலக்கப் பின் இங்கே செல்லாது. அது அந்த ஒரு கணினிக்குள் மட்டும் செல்லும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கு என்றால் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. நேரில் உட்கார்ந்தால் மட்டும் விடும். வீட்டுக் கணினிக்கு எதற்குப் பாஸ்வேர்டு என்று விட்டவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

நான் எப்போதும் செய்யச் சொல்வது இது: ஃபோல்டர் இருக்கும் கணினியில் பகிர்வுக்கென்றே தனியாக ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கி, நல்ல பாஸ்வேர்டு கொடுங்கள். ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து ஷேரிங் பகுதியில் அந்தக் கணக்கைச் சேருங்கள். செக்யூரிட்டி பகுதியிலும் சேருங்கள். இரண்டு இடத்திலும் அனுமதி வேண்டும். ஒன்றில் எழுத அனுமதித்து மற்றதில் படிக்க மட்டும் அனுமதித்தால், இரண்டில் குறைவானதுதான் செல்லும். ‘திறக்குது, ஆனா சேவ் ஆக மாட்டேங்கு’ என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்லோருக்கும் திறந்துவிடும் எவ்ரிவன் என்பதையும், பாஸ்வேர்டு கேட்காதே என்ற செட்டிங்கையும் நாடாதீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 ப்ரோ பதிப்பு பாஸ்வேர்டில்லாத கெஸ்ட் நுழைவை மறுக்கவே செய்கிறது.

பாஸ்வேர்டு சரியாகத் தட்டியும் மறுக்கிறதா? முன்பு எப்போதோ தவறாகச் சேமித்தது உள்ளே இருக்கும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பட்டியலில் எதிர்க் கணினியின் பெயரிலோ எண்ணிலோ உள்ளதை நீக்கி, மறுபடி நுழையுங்கள்.

காலையில் வந்தது, மத்தியானம் வரவில்லை

எதிர்க் கணினி தூங்கிவிட்டது. பவர் செட்டிங்கில் ஸ்லீப் என்பதை நெவர் ஆக்குங்கள். திரை மட்டும் அணையலாம். மடிக்கணினியின் மூடியை மூடினால் என்ன ஆக வேண்டும் என்பதையும் அங்கேயே மாற்றலாம்.

தூங்கவில்லை, ஆனால் கரண்ட் போய் வந்ததிலிருந்து வரவில்லை என்றால் முகவரி மாறியிருக்கும். ரவுட்டர் அணைந்து எரியும்போது நேற்று 20 என்று கொடுத்த எண்ணை இன்று வேறு கருவிக்குக் கொடுத்துவிடலாம். எண்ணை வைத்துச் செய்த ஷார்ட்கட் அப்போது வழி தவறும். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் ஆர்ப் பட்டியலில் பார்த்த, டெஸ்க்டாப்பின் ஆறு ஜோடி எண்ணைக் கொடுத்து, அதற்கு எப்போதும் ஒரே முகவரி என்று கட்டிவையுங்கள். கணினியிலேயே கையால் எண் போடுவதைவிட இது மேல். இரண்டு கருவிக்கு ஒரே எண் விழும் மோதல் இதில் வராது.

டேலி வைத்திருப்பவர்களுக்கு

கணக்கு டேட்டா ஃபோல்டரைப் பகிர்ந்து இரண்டு இடத்திலும் டேலி திறக்க வேண்டும் என்றால், சில்வர் உரிமம் ஒரு கணினிக்கு மட்டுமே. ஒரே லேனில் பல கணினிகளில் திறக்க கோல்டு வேண்டும். நெட்வொர்க் சரியாக இருந்தும் இரண்டாவது கணினியில் எஜுகேஷனல் மோட் என்று திறந்தால் ஒயரைக் குறை சொல்ல வேண்டாம், உரிமத்தைப் பாருங்கள். டேட்டா இருக்கும் கணினியும் பதிவு போடும் கணினியும் ஒயரிலேயே இருக்கட்டும். பதிவு போடும் நடுவில் வைஃபை அறுந்தால் டேட்டா பழுதாகும் அபாயம் உண்டு. பகிர்ந்திருக்கிறோம் என்பதற்காக பேக்அப் எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். பகிர்ந்த ஃபோல்டர் என்பது ஒரே பிரதிதான்.

வேகம் எவ்வளவு வர வேண்டும்

எல்லாம் ஓடுகிறது, நகல் எடுக்க மட்டும் நேரமாகிறது என்றால் எதிர்பார்ப்பைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 100 எம்பிபிஎஸ் ஒயரில் நொடிக்கு 11 எம்பி அளவுதான் நடைமுறையில் கிடைக்கும். 4 ஜிபி கல்யாண வீடியோ போக ஆறு நிமிடம் ஆகும். ஜிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி வரை போகும், அதே வீடியோ முக்கால் நிமிடத்துக்குள் முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சுவர்களைத் தாண்டினால் இதெல்லாம் நடக்காது. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள். தூரத்துக்கு 2.4 நல்லது. ஜிகாபிட் காட்டியும் வேகம் வராவிட்டால் பழைய மடிக்கணினியின் சுழலும் ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள். ஒரு பெரிய கோப்பை ஓரளவு வேகமாக எழுதும் டிஸ்க், ஆயிரம் சின்னப் படங்களை எழுதத் திணறும். அப்படிப்பட்ட ஃபோல்டரை முதலில் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் போய்ப் பிரித்துக்கொள்ளுங்கள்.